உக்கிராணத்துவம்: கேட்காமல் வந்தவற்றுக்கும் கணக்கு ஒப்புவிக்க வேண்டுமா?

அகல்விளக்கு (கேள்வி):

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு என் வணக்கம்.

கடந்த ஞாயிறன்று எங்கள் சபையில் உக்கிராணத்துவத்தைப் பற்றிய, அதாவது தேவன் ஒப்புவித்தவற்றை அவருக்காகப் பொறுப்போடு கையாளுவதைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்டேன். நேரம், தாலந்து, பொருள் ஆகிய மூன்றையும் தேவன் நம்மிடம் ஒப்புவித்திருக்கிறார் என்றும், அவற்றில் எவ்வளவை அவருக்குத் திரும்பக் கொடுத்திருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் தம்மைத்தாமே சோதித்தறிய வேண்டும் என்றும் போதகர் சொன்னார். அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனாலும் அந்த மூன்று தலைப்புகளின் கீழும் எழுதுவதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லையே என்ற எண்ணம் அன்று முழுவதும் என்னை விடவில்லை.

என் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் தாயாருக்கு மறதி நோய் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டில் வேலையையும் அவர்களையும் சேர்த்தே பார்த்துக்கொண்டேன். பிறகு அவர்களைத் தனியே விட முடியாத நாள் வந்தபோது வேலையை விட்டுவிட்டேன். சேமிப்பு கரைந்துகொண்டிருக்கிறது. முன்பு ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தினேன், பாடகர் குழுவில் பாடினேன். இப்போது ஆராதனைக்கு வருவதே மாதம் ஒருமுறை என்றாகிவிட்டது. என் நேரம் என் கையில் இல்லை, என் திறமைகள் பயனற்றுக் கிடக்கின்றன, காணிக்கைப் பையில் போடுவதையும் எண்ணிப் பார்த்துத்தான் போட வேண்டியிருக்கிறது.

என் கேள்வி இதுதான். சங்கீதம் 24 சொல்லுகிறபடி பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது என்றால், என் வாழ்வுக்குள் வருகிற எல்லாமே உக்கிராணத்துவத்துக்குள் அடங்க வேண்டும். அப்படியானால் இந்த நோயையும் தேவன் என்னிடம் ஒப்புவித்தார் என்று சொல்ல வேண்டியதாகிறது. என்னைப் பெற்றவள் என் பெயரை மறந்து நிற்கும்போது அப்படிச் சொல்ல என் வாய் மறுக்கிறது. அடங்காது என்று சொன்னாலோ, என் வாழ்வின் நான்கு ஆண்டுகள் விசுவாசத்துக்குச் சம்பந்தமில்லாத காலமாகத் தனியே விழுந்துவிடுகின்றன. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. இதைப் பற்றிச் சிந்தித்தவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.


ஓய்வுபெற்ற ஆயர்:

அன்புச் சகோதரிக்கு,

நாம் பயன்படுத்திப் பயன்படுத்தி உக்கிராணத்துவம் என்ற சொல்லைக் குறுக்கிவிட்டோம். ஆகையால் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். உக்கிராணம் என்பது பண்டசாலை. வீட்டாருக்கு வேண்டிய தானியமும் எண்ணெயும் மற்றப் பண்டங்களும் வைக்கப்படும் அறை. அதன் திறவுகோல் யார் கையில் இருக்கிறதோ அவன் உக்கிராணக்காரன். இப்படி மொழிபெயர்க்கப்பட்ட ஓய்கொநோமோஸ் என்ற கிரேக்கச் சொல்லின் முதற்பகுதியே வீடு என்று பொருள்படுவது. லூக்கா 12ஆம் அதிகாரத்தில் அதே சொல் விசாரணைக்காரன் என்று மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. அடுத்த வசனத்திலேயே அந்த விசாரணைக்காரனும் ஊழியக்காரன் என்று அழைக்கப்படுவதைக் கவனியுங்கள். அவன் கையிலுள்ள பண்டங்களைப் போலவே அவனும் எஜமானுக்கு உரியவன்.

அவனுடைய வேலை என்ன? வீட்டிலுள்ள பணிவிடைக்காரருக்குத் "தகுதியான காலத்திலே படிகொடுக்கும்படி" அவன் வைக்கப்பட்டான் என்று 42ஆம் வசனம் சொல்லுகிறது. படி என்பது அளந்து கொடுக்கப்படும் உணவு. இங்கே எஜமானுக்கு எவ்வளவு திரும்பக் கொடுத்தாய் என்ற பேச்சே வரவில்லை; எஜமானுடைய வீட்டிலுள்ளவர்களுக்கு, அவரவருக்கு உரியது, உரிய வேளையில் போய்ச் சேர்ந்ததா என்பதே கேள்வி. நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிரசங்கம் செய்தவன். காணிக்கை ஞாயிறுகளில் நானும் அந்த மூன்று தலைப்புகளையே வைத்துப் பேசியிருக்கிறேன்; இந்த வசனத்தை அந்த நாட்களில் ஒருமுறைகூட வாசித்ததாக நினைவில்லை. அதற்காக இப்போது வருந்துகிறேன். ஏனென்றால், வேளாவேளைக்கு உணவும் மருந்தும் கொடுத்து, குளிப்பாட்டி, உறங்கவைத்து, இரவில் எழுந்து நடமாடும்போது பின்னாலேயே நடந்து நீங்கள் நான்கு ஆண்டுகளாகச் செய்துவருவது, அந்த வசனம் சொல்லுகிற வேலையேதான். அதை எழுதத் தலைப்பு இல்லையென்றால், குறை உங்களிடம் இல்லை, தலைப்புகளிடம் இருக்கிறது.

தாலந்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பாடத் தெரிவதையும் பேசத் தெரிவதையும் நாம் தாலந்து என்கிறோம். இந்த வழக்கமே மத்தேயு 25ஆம் அதிகாரத்து உவமையிலிருந்து பிற்காலத்தில் உண்டானதுதான். பயணம் போகிற எஜமான் தன் ஊழியக்காரர் மூவரிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளை ஒப்புவித்துப் போகிற அந்த உவமையில் தாலந்து என்பது பணம். ஒரு தாலந்து ஏறத்தாழ 6000 வெள்ளிக்காசு. கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு காசு என்று மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் காண்கிறபடியால், அது சுமார் 20 ஆண்டுகளின் கூலி. ஒரே ஒரு தாலந்து பெற்றவனும் எளிய தொகையைப் பெறவில்லை. அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, ஐந்தைப் பத்தாக்கினவனுக்கும் இரண்டை நான்காக்கினவனுக்கும் எஜமான் சொல்லுகிற பாராட்டு 21ஆம், 23ஆம் வசனங்களில் ஒன்றுபோலவே இருப்பதுதான். லாபத்தின் அளவு அவருடைய வாயில் வரவில்லை. "உண்மையுமுள்ள" என்ற சொல் வருகிறது. "உக்கிராணக்காரன் உண்மையுள்ளவனென்று காணப்படுவது அவனுக்கு அவசியமாம்" என்று பவுலும் (1 கொரிந்தியர் 4:2) அந்த ஒன்றையே கேட்கிறார்.

பயனற்றுக் கிடக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தோனாவூரில் ஊழியம் செய்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931ஆம் ஆண்டில் கீழே விழுந்து காயமடைந்த பிறகு, 1951ஆம் ஆண்டில் மரிக்கும்வரை, ஏறத்தாழ 20 ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே இருந்தார். அந்த அறையிலிருந்தே புத்தகங்களும் கடிதங்களும் எழுதினார். அடைபட்ட காலமும் ஒப்புவிக்கப்பட்ட காலமாக இருக்கக்கூடும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.


நெய்தல்:

ஆயர் ஐயா எழுதியதை நன்றியோடு வாசித்தேன். படிகொடுத்தல் என்ற சொல் எனக்கும் புதிய வெளிச்சமாக இருந்தது. ஆனாலும் கடைசிப் பத்தியைப் பற்றி மரியாதையோடு ஒரு மறுப்பைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த அம்மையாரின் வாழ்வை நானும் மதிக்கிறேன். படுக்கையிலிருந்து புத்தகம் எழுதினவரை, ஒரு பக்கம் வாசிக்கவும் நேரம் கிடைக்காத ஒருவருக்கு எடுத்துக்காட்டாகக் காட்டும்போது, துன்பத்திலிருந்தும் ஏதோ ஒரு விளைச்சலைக் காட்டியாக வேண்டும் என்ற பாரம் அவர்மேல் ஏறிவிடுகிறது. ஐயா அப்படி நினைத்து எழுதவில்லை என்று அறிவேன்.

என் மகன் ஒன்பது வயதில் இறந்துபோனான். அடக்க ஆராதனை முடிந்த அன்றே உறவினர் ஒருவர், "இதைத் தாங்கும் பலம் உனக்கு இருப்பதால்தான் தேவன் உன்னிடம் இதை ஒப்படைத்திருக்கிறார்" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். பலமில்லாதவளாக இருந்திருந்தால் என் பிள்ளை உயிரோடு இருந்திருப்பானோ என்று அதன்பின் ஓராண்டு காலம் நான் எனக்குள் கேட்டுக்கொண்டேயிருந்தேன். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடுகூடத் தரையில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான், அவர்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தர் கடைசியில் சொல்லும் நிலை வந்தது.

ஆகையால், சகோதரி, அந்த நோயைத் தேவன் தந்த தாலந்து என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். பவுல் தம் மாம்சத்திலிருந்த முள்ளைச் சாத்தானுடைய தூதன் என்றுதான் அழைக்கிறார். அதை நீக்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொள்ளுகிறார். அது நீங்கவில்லை, கிருபை வந்தது; ஆனால் கிருபை வந்தபின்பும் முள்ளின் பெயரை அவர் மாற்றவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வேத வகுப்பில் ஆசிரியை ஒருவர் எனக்குக் காட்டிய ஒன்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். பேதுருவின் முதலாம் நிருபம் 4:10இல் தேவனுடைய பற்பல கிருபையுள்ள ஈவுகளுக்கு நாம் நல்ல உக்கிராணக்காரர்போல இருக்கவேண்டும் என்று இருக்கிறது. அங்கே பற்பல என்று வருகிற கிரேக்கச் சொல்லும், அதே நிருபத்தின் 1:6இல் பலவிதமான சோதனைகள் என்னுமிடத்தில் வருகிற சொல்லும் ஒன்றே. பலநிறமுள்ள என்பது அதன் அடிப்படைப் பொருள். சோதனைக்கு எத்தனை நிறங்கள் உண்டோ, அத்தனை நிறங்களில் கிருபையும் வந்து சேருகிறது. ஆனால் நாம் எதற்கு உக்கிராணக்காரர் என்று பேதுரு சொல்லுகிறார்? சோதனைகளுக்கு என்று சொல்லவில்லை, கிருபைக்கு என்கிறார்.

2 கொரிந்தியர் முதலாம் அதிகாரமும் இதையே சொல்லுகிறது. உபத்திரவத்தில் தேவன் நமக்கு ஆறுதல் செய்கிறார். அந்த ஆறுதலினாலே நாம் மற்றவர்களுக்கு ஆறுதல் செய்யத் திராணியுள்ளவர்களாகிறோம். பகிர்ந்து கொடுக்கும்படி நம்மிடம் வருவது அந்த ஆறுதல்தான். என் விஷயத்தில் அது வர நெடுங்காலம் ஆயிற்று. வந்தபோதும் பெரிய காரியமாக வரவில்லை. பிள்ளையை இழந்த ஒரு தாயின் வீட்டில் ஒன்றும் சொல்லாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க முடிந்தது, அவ்வளவுதான். அதற்குமுன் என்னால் அது முடிந்திருக்காது. உங்களிடம் அப்படி ஏதேனும் வந்து சேர்ந்திருக்கிறதா என்று இப்போதே தேடிப் பார்க்காதீர்கள். வரும்போது அதை யாருக்குக் கொடுப்பது என்பதும் தெரியவரும்.


கணக்கர்:

இருவரும் ஆழமாக எழுதிவிட்டார்கள். சகோதரி தம் கேள்வியில் பணத்தையும் காணிக்கையையும் குறிப்பிட்டிருப்பதால், நான் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சபைகளில் கணக்கு பார்த்த அனுபவம் சிறிது உண்டு.

முதலாவது, காணிக்கையை எண்ணிப் போடுவதற்காகக் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். "ஒருவனுக்கு மனவிருப்பமிருந்தால், அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" என்று 2 கொரிந்தியர் 8:12 சொல்லுகிறது. இது காணிக்கை சேர்க்கிற அதிகாரத்திலேயே எழுதப்பட்ட வசனம் என்பதை நினைவில் வையுங்கள். இதைவிடக் கடுமையான ஓர் இடம் மாற்கு 7இல் உண்டு. தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டிய உதவியைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டு, பெற்றோருக்கு ஒன்றும் செய்யாமல் இருந்தவர்களை ஆண்டவர் கண்டித்தார். தேவவசனத்தையே அவமாக்குகிறீர்கள் என்றார். தாயாருக்காகச் செலவான உங்கள் சேமிப்பு தேவனுக்குக் கொடுக்காமல் போன பணம் என்று யாராவது சொன்னால், ஆண்டவர் எதைக் கண்டித்தாரோ அதையே அவர்கள் போதிக்கிறார்கள்.

இரண்டாவதாக நான் சொல்வது நடைமுறை சார்ந்தது. ஆனால் இதையும் ஆவிக்குரிய காரியமாகவே கருதுகிறேன். உங்கள் தாயாருக்கென்று ஓய்வூதியமோ வைப்புத்தொகையோ வீடோ இருந்து, அதை இப்போது நீங்கள் கையாளுகிறீர்களானால், உக்கிராணத்துவம் என்பதற்கு அதைவிடச் சரியான உதாரணம் கிடையாது. பணத்துக்கு உரியவர் வேறொருவர், அதை வைத்திருப்பவர் நீங்கள். அதிலும், கணக்கு எங்கே என்று கேட்கும் நினைவுகூட இல்லாத ஒருவருடைய பணம் அது. கேட்க முடியாதவருக்குக் கணக்கு வைப்பதில்தான் உண்மை வெளிப்படுகிறது. ஆகையால் அவர்களுடைய வரவும் செலவும் உங்கள் பணத்தோடு கலவாதபடி தனிக் குறிப்பேட்டில் இருக்கட்டும். மருந்துச் சீட்டுகளையும் ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால், அவர்கள் கேட்பதற்கு முன்பே மாதந்தோறும் காட்டிவிடுங்கள். பெற்றோரின் மறைவுக்குப் பின் உடன்பிறந்தோர் பகைத்துக்கொண்டதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவற்றுள் பெரும்பாலானவற்றில் பணம் களவு போயிருக்கவில்லை. கணக்குத்தான் இல்லாமல் இருந்தது. ஒருவேளை உங்கள் சொந்தப் பணத்திலிருந்து அவர்களுக்காகச் செலவிட்டாலும் அதையும் எழுதி வையுங்கள். அது தற்பெருமை ஆகாது.

துன்பத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால், மறுபக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1768ஆம் ஆண்டில் உக்கிராணக்காரனைப் பற்றிச் செய்த பிரசங்கத்தில், பணத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் ஆத்துமா, சரீரம், பேச்சு, உடல்நலம், காலம் என்று எல்லாவற்றையும் ஒப்புவிக்கப்பட்டவற்றின் வரிசையில் வைத்தார். நன்றாக இருக்கிற நாட்களில் இதை நாம் மறந்துவிடுகிறோம். என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும் இந்த ஐசுவரியத்தைச் சம்பாதித்தது என்று உன் இருதயத்தில் சொல்லாதே என்று உபாகமம் 8 எச்சரிப்பது நிறைவில் இருப்பவர்களைத்தான். நல்ல சம்பளமும் நல்ல உறக்கமும் உடைய நானும் என் போன்றவர்களும் கேட்க வேண்டிய கேள்வியை, உறக்கமில்லாத ஒரு சகோதரி கேட்டுக்கொண்டிருக்கிறார். உங்கள் சபையில் அந்தப் பிரசங்கத்தைக் கேட்டவர்களில் எத்தனை பேர், அடுத்த வாரம் நான் வந்து உங்கள் தாயாரோடு இருக்கிறேன் என்று உங்களிடம் சொன்னார்கள்?


அகல்விளக்கு:

பதில் எழுதிய மூவருக்கும் என் நன்றி. நெய்தல் அக்கா, உங்கள் மகனைப் பற்றி எழுத உங்களுக்கு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். கிருபைக்கு உக்கிராணக்காரர், சோதனைக்கு அல்ல என்று நீங்கள் எழுதியதை ஒரு தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

கணக்கர் ஐயா கடைசியில் கேட்ட கேள்விக்கு விடை, ஒருவரும் இல்லை என்பதுதான். ஆனால் நானும் யாரிடமும் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தம்பி ஒருவன் இருக்கிறான். அவனுக்கு இரண்டு சிறு பிள்ளைகள். அவனைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று இதுவரை விட்டுவிட்டேன்.

முதல் பதிவில் எழுதத் துணியாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். நான் படிகொடுக்கிறேன் என்று ஆயர் ஐயா எழுதியதை வாசித்தபோது எனக்கு ஆறுதலுக்கு முன்பு வெட்கம்தான் வந்தது. ஒரே கேள்வியை அம்மா இருபதாம் முறை கேட்கும்போது நான் கத்தியிருக்கிறேன். ஒருநாள் தட்டைத் தரையில் வீசியதும் உண்டு. அம்மா பயந்துபோய் என்னை, "யார் நீங்கள்?" என்று கேட்டார்கள். உண்மையுள்ளவன் என்று காணப்படுவதுதான் ஒரே தேவை என்றால், இவற்றையெல்லாம் எந்தக் கணக்கில் எழுதுவது?


இரவுப்பணிச் செவிலி:

அன்புள்ள சகோதரி, நான் கத்தோலிக்கத் திருஅவையைச் சேர்ந்தவள். உங்கள் சொற்களில் சில எனக்குப் புதியவை. எங்கள் வேதாகமத்தில் உக்கிராணக்காரருக்குப் பதிலாகப் பொறுப்பாளர் என்ற சொல் வருகிறது. முதியோர் பராமரிப்பில் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியதைப் போன்ற செய்தியை வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் மகள்கள், மருமகள்கள், மனைவியர், கணவர்கள் என்று எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். எல்லோரும் குரலைத் தாழ்த்தியே சொன்னார்கள். மறதி நோயுள்ளவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதற்குக் காரணம், கேட்டதும் பதில் கிடைத்ததும் அவருடைய மூளையில் பதியாமல் போவதுதான். அவருக்கு அது ஒவ்வொரு முறையும் முதல் முறை. உங்களுக்கு மட்டும் இருபதாம் முறை. இதை அறிந்தவர்களும், பயிற்சி பெற்ற எங்களைப் போன்றவர்களும், உறக்கமில்லாத வாரத்தின் முடிவில் பொறுமை இழக்கிறோம். ஆனால் எங்களுக்குப் பணிநேரம் முடிகிறது, மாற்றிவிட இன்னொருவர் வருகிறார். உங்களுக்கு நான்கு ஆண்டுகளாக அப்படி யாரும் வரவில்லை.

தட்டை வீசியது தவறு. அது தவறு என்று உங்களுக்குத் தெரிந்திருப்பதால் அதைப் பெரிதாக்கவும் வேண்டாம், சிறிதாக்கவும் வேண்டாம். இறைவனிடம் அறிக்கையிடுங்கள், தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேளுங்கள். அவர்களுக்கு நடந்தது நினைவில்லாவிட்டாலும் உங்கள் குரலிலுள்ள அன்பு எட்டும். நினைவு போன பின்பும் பயமும் பாசமும் அவர்களுக்குள் தங்குவதை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன்: மறுபடியும் கை ஓங்கும் நிலை வருவதாக உணர்ந்தால், அவர்கள் பாதுகாப்பாக அமர்ந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள், ஐந்து நிமிடம் கழித்து வாருங்கள். அப்படிப்பட்ட வேளைகள் அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் உங்களுக்காகவும் பேசுங்கள்.

ஆனால் நான் சொல்ல விரும்புவது வேறு. உங்களிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள் இரண்டு பேர். நீங்களோ ஒருவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். விசாரணைக்காரனும் எஜமானுக்கு உரியவன் என்று ஆயர் அவர்கள் எழுதினார்கள் அல்லவா? அப்படியானால் உங்கள் முதுகும் உங்கள் கண்களும் உங்கள் உறக்கமும் அவருடைய உடைமைகள். ஆதியாகமம் 2:15இல் மனிதன் தோட்டத்தில் வைக்கப்பட்டது அதைப் பண்படுத்தவும் காக்கவும் என்று இருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் இந்த இரண்டு சொற்களையும் எடுத்துக்கொண்டு, பயன்படுத்துவதும் பாதுகாப்பதும் பிரிக்க முடியாதவை என்பதை நிலத்தைக் குறித்து விளக்கினார். உடலும் மண்ணால் ஆனதுதானே. அதை இடைவிடாமல் உழுதுகொண்டேயிருந்தால் அதுவும் தரிசாகிவிடும்.

எலியா இறைவாக்கினர் சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே என்று சாகக் கேட்டபோது, தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். அவர் மறுபடியும் உறங்கினார். மறுபடியும் எழுப்பி உணவு கொடுத்தார். "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். காலைமுதல் மாலைமட்டும் தனியொருவராக மக்களுக்கு நியாயம் விசாரித்த மோசேயைப் பார்த்து அவருடைய மாமனார், "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்றார். நல்ல காரியத்தைச் செய்துகொண்டிருந்தவரிடம்தான் அப்படிச் சொன்னார்! நீரும் தொய்ந்துபோவீர், உம்மோடிருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்பது அவருடைய எச்சரிக்கை. நீங்கள் தொய்ந்துபோனால் உங்கள் தாயாரும் தொய்ந்துபோவார்கள். வீசப்பட்ட அந்தத் தட்டு எனக்கு அதைத்தான் காட்டுகிறது.

தம்பிக்குத் தொந்தரவு என்கிறீர்கள். அவர்கள் அவருக்கும் தாய் அல்லவா? எல்லாவற்றையும் நீங்களே எடுத்துக்கொள்ளும்போது, அவரிடம் ஒப்படைக்கப்பட்டதையும் சேர்த்து நீங்கள் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவரிடம் பொதுவாக உதவி வேண்டும் என்று கேட்காதீர்கள். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் எல்லோரும் சரி என்பார்கள், ஒருவரும் வரமாட்டார்கள். சபையிலும் அப்படியே ஒருவரிடம் ஒரு வேலையைக் கேளுங்கள். கிடைக்கிற முதல் இடைவெளியில் வீட்டு வேலையைச் செய்யாமல் உறங்குங்கள்.


ஓய்வுபெற்ற ஆயர்:

நெய்தல் சகோதரியின் மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். எடுத்துக்காட்டு உண்மையானதுதான்; அதைக் கேட்கிறவரின் நிலை அறிந்து சொல்லியிருக்க வேண்டும்.

அகல்விளக்குச் சகோதரி கேட்ட கணக்கைப் பற்றி ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஒரு தாலந்தைப் பெற்றவன் அதை ஏன் புதைத்தான் என்பதற்கு அவனே காரணம் சொல்லுகிறான்: நீர் கடினமுள்ள மனுஷன் என்று அறிவேன், ஆகையால் பயந்துபோனேன் என்கிறான். எஜமானைப் பற்றி அவன் மனதில் வைத்திருந்த உருவமே அவன் கையைக் கட்டிப்போட்டது. வாழ்வில் வருகிற எல்லாமே உக்கிராணத்துவம் என்று நாம் பிரசங்கிக்கும்போது, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பின்னால் ஒரு கண்டிப்பான தணிக்கையாளர் நிற்பதைப் போல மக்கள் உணர்ந்துவிட்டால், உவமையில் வருகிற அந்த மனிதனைத்தான் நாம் உருவாக்குகிறோம். அநீதியுள்ள உக்கிராணக்காரனின் உவமை எழுதப்பட்ட லூக்கா 16க்கு முந்தின அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அங்கே ஆஸ்தியையெல்லாம் அழித்துப்போட்டு வந்த இளையமகன், தான் சொல்ல வேண்டியதை மனதில் ஒத்திகை பார்த்துக்கொண்டே வருகிறான். அவன் சொல்லி முடிப்பதற்கு முன்பே தகப்பன் வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். கணக்குக் கேட்கிறவர் அந்தத் தகப்பன்தான். தட்டு வீசிய நாளையும் அவரிடம் கொண்டுபோகலாம்.


அகல்விளக்கு:

நேற்றிரவு தம்பிக்கு அழைத்துப் பேசினேன். செவிலிச் சகோதரி சொன்னபடி, சனிக்கிழமை மதியம் இரண்டு மணிமுதல் ஏழு மணிவரை என்று குறிப்பிட்டே கேட்டேன். அவன் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "நீ கேட்கவே மாட்டாய் என்று நினைத்திருந்தேன், அக்கா, நான் வந்தால் உனக்குப் பிடிக்காதோ என்றுகூட நினைத்தேன்" என்றான். பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வருகிறானாம். அம்மாவுக்கு அவர்களை அடையாளம் தெரியாது. ஆனாலும் சிறுபிள்ளைகளைக் கண்டால் இன்னமும் மடியில் இடம் ஒதுக்குவார்கள்.

கணக்கர் ஐயா சொன்ன தனிக் குறிப்பேட்டை இன்று தொடங்கிவிட்டேன். பழைய ரசீதுகள் மூன்று பைகளில் கிடக்கின்றன. முந்தைய ஆண்டுகளுக்கும் எழுத வேண்டுமா, அல்லது இந்த மாதத்திலிருந்து எழுதினால் போதுமா என்று சொன்னால் உதவியாக இருக்கும்.


கணக்கர்:

இந்த மாதத்திலிருந்து எழுதுங்கள், சகோதரி. பழைய பைகளை ஆண்டுவாரியாகக் கட்டி மேலே தேதியை எழுதி வைத்தால் போதும். யாராவது கேட்டால் அப்போது பிரித்துப் பார்க்கலாம். சனிக்கிழமை மதியம் மட்டும் அந்தப் பைகளைத் தொடாதீர்கள். அது உங்கள் உறக்கத்துக்கு உரிய நேரம்.